குற்றாலம் முதல் முட்டம் வரை: காலாண்டு விடுமுறையில் மலையையும் கடலையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

மயிலைத்தெப்பம் · ஜூலை 19, 2025

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை குழந்தைகளுக்குக் காலாண்டு விடுமுறை. நானும் கணவரும், பதினொரு வயது மகனும் ஏழு வயது மகளும், அறுபத்தெட்டு வயது மாமியாருமாக ஐந்து பேர் தென் மாவட்டங்களுக்குச் செல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மகனுக்கு அருவியில் குளிக்க வேண்டும், மகளுக்குக் கடல் வேண்டும், மாமியாருக்குத் திருச்செந்தூர் வேண்டும், கணவருக்கு எங்கேயாவது ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மாமியாருக்கு மூட்டுவலி இருப்பதால் அதிகப் படிகள் ஏற முடியாது.

நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு போட்ட திட்டம் இது. முதல் நாள் குற்றாலம், இரண்டாம் நாள் பாபநாசம், மூன்றாம் நாள் மாஞ்சோலை, நான்காம் நாள் திருநெல்வேலி, ஐந்தாம் நாள் திருச்செந்தூர், ஆறாம் நாள் மணப்பாடும் உவரியும், ஏழாம் நாள் கன்னியாகுமரி, எட்டாம் நாள் திற்பரப்பும் பத்மநாபபுரமும். ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் தங்குவதாக எண்ணம். ஒன்றுக்கொன்று ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் என்பதால் இது முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பொருநைக்கரை · ஜூலை 19

வணக்கம் அக்கா. எனக்கு அம்பாசமுத்திரம். நீங்கள் ஊர்களைத் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் பயணத்தை முடிவு செய்வது காற்றும் மழையும்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் கேரளத்துப் பக்கமே தடுத்துவிடும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மட்டும் மலை தாழ்ந்து வழிவிடுவதால், அந்த இடைவெளி வழியாக மேகமும் ஈரக்காற்றும் தென்காசிப் பக்கம் நுழைகின்றன. குற்றாலத்துச் சாரல் என்பது இதுதான். திருநெல்வேலி நகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் குற்றாலத்தில் பொடிமழை தூவுவதற்குக் காரணமும் இதுவே. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். அதே மாதங்களில் குமரி மாவட்டத்து மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மலை நன்றாக இருக்கும் காலத்தில் கடல் நன்றாக இருக்காது. கடல் அடங்கும் தை, மாசியில் அருவிகள் மெலிந்து நூலாகிவிடும்.

உங்கள் விடுமுறை அமைந்திருக்கும் புரட்டாசி நடுப்பகுதி இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. சீசன் முடிந்திருக்கும், ஆனாலும் அருவியில் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வாய்ப்புண்டு. கடலும் ஆடி மாதத்தைவிட அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் பிற்பாதியில்தான் தொடங்கும். எதுவும் முழுமையாகக் கிடைக்காது, ஆனால் எல்லாம் ஓரளவு கிடைக்கும். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்ட குடும்பத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் எட்டு இரவுகளுக்கு எட்டு விடுதிகள் வேண்டாம். மூட்டுவலி உள்ளவருக்குப் படி ஏறுவதைவிடத் தினமும் பெட்டி கட்டி வண்டியில் ஏறி இறங்குவதுதான் பெரிய துன்பம்.

குளிர்மார்கழி · ஜூலை 20

காலாண்டு விடுமுறையை விட்டுவிட்டு அரையாண்டு விடுமுறையில் செல்லலாமே? டிசம்பர் கடைசியில் வெயிலும் இருக்காது, அருவியிலும் இரண்டாவது முறை தண்ணீர் வரும். நான் கல்லூரிக் காலத்தில் அப்படித்தான் சென்றேன், மிக அருமையாக இருந்தது.

நாஞ்சில்முனை · ஜூலை 20

குளிர்மார்கழி அவர்களே, கல்லூரி மாணவர் நான்கு பேர் செல்வதும் பாட்டியுடனும் சிறுமியுடனும் செல்வதும் ஒன்றாகுமா? கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி மூன்றையும் தொட்டுத்தான் செல்வார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டமும் அதோடு சேரும்போது விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையிலேயே அரை நாள் போய்விடும்.

மழையையும் மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. அது ஆண்டுதோறும் நடப்பதில்லை என்றாலும், மார்கழி மழை எங்களுக்கு விளையாட்டல்ல.

மே மாதம் செல்லலாம் என்று இனி யாராவது சொல்வதற்கு முன் அதையும் எழுதிவிடுகிறேன். கோடையில் அருவி வறண்டிருக்கும். மலையில் திடீரென்று பெய்யும் கோடை மழைக்கு வெள்ளம் எச்சரிக்கை இல்லாமல் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதற்குப் பதினொரு நாட்களுக்கு முன்புதான் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அன்று கரையில் புயலும் இல்லை, மழையும் இல்லை. எங்கோ தெற்குப் பெருங்கடலில் வீசிய காற்று எழுப்பும் அலைப் பெருக்கம் பல நாள் கழித்து இங்கே கரையேறும். எங்கள் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, எச்சரிக்கை அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அக்கா, உங்கள் மகள் கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் அங்கே வலை காய வைக்கும் யாரையாவது ஒருமுறை கேட்டுவிட்டு இறங்குங்கள். விடுதிக்காரர் சொல்வதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

மயிலைத்தெப்பம் · ஜூலை 20

நன்றி. டிசம்பர் யோசனையை வீட்டில் யாரும் ஏற்கவில்லை, எனவே செப்டம்பரே உறுதி. இரவுதோறும் ஊர் மாறுவதை நிறுத்திவிடுகிறேன். எத்தனை இடங்களில் தங்கலாம்? மாஞ்சோலைக்கு ஒரு நாள் வைத்தே ஆக வேண்டும் என்று கணவர் விரும்புகிறார்.

பொருநைக்கரை · ஜூலை 21

மாஞ்சோலையைத் திட்டத்தின் நடுவில் வைக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988இல் தமிழ்நாட்டில் முதலாவதாக அமைந்த புலிகள் காப்பகம் அது. வனத்துறை அனுமதி இருந்தால்தான் மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியும். மழை, பாதைப் பழுது என்று எந்தக் காரணத்தாலும் அன்று காலையில் அனுமதி நிறுத்தப்படலாம். தேயிலைத் தோட்டப் பணிகள் 2024இல் நின்ற பிறகு அங்கே பழைய சுறுசுறுப்பும் இல்லை. நாலுமுக்கிலும் ஊத்திலும் பல தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கும் நிலைக்கு வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு, அதைக் கண்ணுக்கினிய சுற்றுலா இடம் என்று மட்டும் எழுதக் கைவரவில்லை.

அதற்குப் பதிலாகப் பாபநாசம் அகத்தியர் அருவிக்குச் செல்லுங்கள். குற்றாலத்தில் நீர்வரத்து குறைந்தாலும் இங்கே தண்ணீர் இருக்கும், கூட்டமும் குறைவு. வனச் சாவடியில் பிளாஸ்டிக் பொருட்களை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் தின்பண்டங்களைத் தூக்குச்சட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.

குற்றாலத்தில் பேரருவி உங்கள் மாமியாருக்கு ஏற்றது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து சமதளமாக நடந்து செல்லலாம், பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு, சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலும் அருகிலேயே இருக்கிறது. ஐந்தருவியும் பரவாயில்லை. மகன் செண்பகாதேவி, தேனருவி என்று கேட்டால் அவை பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி, அனுமதி இல்லை என்று சொல்லிவிடுங்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் காவலர்கள் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். அந்தத் தடை சில மணி நேரத்தில் நீங்கலாம், இரண்டு நாளும் நீடிக்கலாம். ஒரு நாள் தவறினால் இன்னொரு நாள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தென்காசியில் மூன்று இரவுகள் தங்கச் சொல்கிறேன். குற்றாலத்திலேயே தங்குவதைவிட ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் தங்கினால் இரவில் சத்தமின்றித் தூங்கலாம்.

செங்கோட்டைரயிலடி · ஜூலை 21

அந்த உபரி நாளுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அருவி மூடியிருந்தால் குழந்தைகளை விடுதியில் அடைத்து வைக்க வேண்டாம், செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் அழைத்துச் செல்லுங்கள். 1904இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதையை அகலப்பாதையாக மாற்றி 2018இல் மீண்டும் திறந்தார்கள். பகவதிபுரத்தைத் தாண்டியதும் நீளமான குகை வரும். ஆரியங்காவு, இடப்பாளையம், கழுத்துருட்டி என்று ரயில் மெல்ல இறங்கும்போது ஒரு பக்கம் ரப்பர் மரமும் மறு பக்கம் பள்ளத்தாக்குமாக இருக்கும். நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலத்தை ரயிலில் இருந்து பார்ப்பதைவிடச் சாலையில் நின்று பார்ப்பதே அழகு. எனவே வண்டியைப் புனலூருக்கு அனுப்பி வைத்துவிட்டுத் திரும்பும்போது சாலை வழியாக வாருங்கள். பகலில் செல்லும் மதுரை – குருவாயூர் விரைவு ரயில் இதற்குப் பொருந்தும். புறப்படும் நேரத்தை அந்த வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமான செய்தி பயணச்சீட்டு. முன்பதிவுக் காலம் இப்போது 120 நாள் அல்ல, 60 நாள்தான். செப்டம்பர் 26 வெள்ளி இரவு செங்கோட்டைக்குச் செல்லும் பொதிகை விரைவு ரயிலில் இடம் வேண்டுமானால் ஜூலை 28 காலை எட்டு மணிக்கு முன்பே கணினி முன் உட்கார்ந்துவிடுங்கள். விடுமுறை தொடங்கும் இரவு என்பதால் சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலாகிவிடும். திரும்புவதற்கு அக்டோபர் 4 சனிக்கிழமை என்றால் ஆகஸ்ட் 5. நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத் பகலில் ஓடுவதால் உங்கள் மாமியார் மேல் படுக்கையா கீழ்ப் படுக்கையா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

தேரிமணல் · ஜூலை 22

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். உடன்குடிக்குப் பக்கம் என் ஊர். எல்லோரும் மழையைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், ஒருவரும் தசராவைச் சொல்லவில்லை!

அக்டோபர் 2 விஜயதசமி. குலசேகரப்பட்டினம் (குலசை) முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பத்து நாளும் கூட்டம் கூடிக்கொண்டே போய், கடைசி நாள் நள்ளிரவில் கடற்கரையில் நடக்கும் சூரசம்காரத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் வந்து நிற்பார்கள். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்குக் கடலோரமாகச் செல்லும் சாலை குலசை வழியாகத்தான் போகிறது. 1, 2, 3 தேதிகளில் அந்தச் சாலையில் சொந்த வண்டியோடு சிக்கினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். எனவே திருச்செந்தூரையும் மணப்பாட்டையும் செப்டம்பர் 30க்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் திருச்செந்தூரிலிருந்து உள்நாட்டு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளை போய் உவரியில் கடலைப் பிடியுங்கள்.

கூட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதாக எண்ண வேண்டாம். தசராவை நான் உங்களுக்குத் தடையாகச் சொல்லவில்லை. நேர்த்திக்கடனுக்காகக் காளி, குறவன், குறத்தி, அரசன், குரங்கு, போலீஸ்காரர் என்று வேடம் கட்டியவர்கள் மேளத்தோடு ஊர் ஊராகச் சென்று காணிக்கை பிரிப்பார்கள். அந்த வாரம் மாவட்டத்தின் எந்தச் சாலையில் போனாலும் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காளி தேநீர் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய காட்சி எங்கே கிடைக்கும்?

திருச்செந்தூரில் இம்மாதம் 7ஆம் தேதிதான் குடமுழுக்கு நடந்தது, அதன் பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. கடற்கரையில் அரிப்பு ஏற்பட்டுப் பாறைகள் வெளியே தெரிகின்றன. உங்கள் மாமியாரைக் கடலில் இறக்காமல் நாழிக்கிணற்றில் நீராட வைத்து அழைத்து வாருங்கள், அதுவும் முறைதான்.

மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. அதற்குக் கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் கிணறும் உண்டு. மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் திறந்த கடலும் மறு பக்கம் ஆற்று முகத்தில் தேங்கிய அமைதியான நீரும் ஒரே பார்வையில் தெரியும். என்னைக் கேட்டால் கன்னியாகுமரியைவிட இதுதான் கடல் பார்க்கும் இடம். நாஞ்சில்காரர் சண்டைக்கு வந்தாலும் சரி.

இன்னொன்றும் உண்டு. காயாமொழிப் பக்கத்தில் எங்கள் தேரிக்காட்டைப் பாருங்கள். கடலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் செக்கச்செவேலென்று மணல்மேடுகள், நடுவே பனையும் கொல்லாமரமும் நிற்கும். அந்த வறண்ட செம்மணலுக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் மட்டும் சுனைநீர் ஊறும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் செல்லுங்கள். மதியம் சென்றால் மணல் காலைச் சுட்டுவிடும்.

நாஞ்சில்முனை · ஜூலை 22

சண்டைக்கு வரவில்லை அண்ணாச்சி. கன்னியாகுமரி ஊரில் தங்க வேண்டாம் என்று சொல்லத்தான் நானும் இருந்தேன். நாகர்கோவிலில் தங்கினால் குமரிமுனை இருபது கிலோமீட்டர்தான். மாவட்டத்தின் மலைப்பகுதியும் மேற்குக் கடற்கரையும் அங்கிருந்தே கைக்கெட்டும்.

கன்னியாகுமரிக்குச் சூரிய உதயத்துக்காக விடியுமுன் செல்லுங்கள். உதயம் பார்த்துவிட்டு நேராகப் படகு வரிசையில் நின்றுவிட்டால் வெயில் ஏறுவதற்குள் விவேகானந்தர் மண்டபத்தையும் வள்ளுவர் சிலையையும் பார்த்துத் திரும்பிவிடலாம். முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது, மண்டபத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். 133 அடிச் சிலைக்கு இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதால் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் மண்டபத்தில் படி உண்டு. உங்கள் மாமியார் ஏறத் தயங்கினால் குமரியம்மன் கோயிலில் உட்கார வைத்துவிட்டு ஒருவர் துணைக்கு இருங்கள்.

அஸ்தமனத்துக்கு முட்டம் வாருங்கள். குமரிமுனையிலிருந்து முட்டம் வரை கரை கொஞ்சம் வடக்கே சாய்ந்தபடி மேற்கே போகிறது. கோடையிலும் ஆடியிலும் சூரியன் வடக்கே ஒதுங்கி மறைவதால் குமரிமுனையில் நின்றால் அது கடலில் இறங்காமல் கரைக்குப் பின்னால் மறைந்துவிடும். வந்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். முட்டத்தைத் தாண்டியதும் கரை வடமேற்காகச் சட்டென்று திரும்பிவிடுவதால் அங்கே ஆண்டு முழுவதும் கடலிலேயே சூரியன் இறங்கும். பாறைகளின் மேல் மட்டும் யாரையும் ஏற விடாதீர்கள், பாசி வழுக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 2ஆம் தேதி காந்தி ஜெயந்தி என்பதால் அன்றும் நம்பிப் போக வேண்டாம், 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் செல்லுங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் இந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வது இன்றும் தொடரும் வழக்கம். ஆகவே நீங்கள் வரும் நாளில் அம்மன் பெரும்பாலும் ஊரில் இருக்க மாட்டாள். உங்கள் மாமியாரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீரைச் சுமந்து செல்லும் இந்தப் பாலம் 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே ஒரு பக்கம் ஓடும் தண்ணீர், பக்கத்தில் நடைபாதை, கீழே தென்னந்தோப்பு. தலைசுற்றல் இருப்பவர்கள் பாதியிலேயே திரும்பிவிடலாம். அங்கிருந்து திற்பரப்பு அருகில்தான். அகலமான, உயரம் குறைந்த அருவி என்பதால் சிறு பிள்ளைகள் பயமின்றி நிற்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மீன்குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று கை துடிக்கிறது.

மயிலைத்தெப்பம் · ஜூலை 23

ஐயா, எழுத வேண்டாம். புரட்டாசி! மாமியார் வீட்டில் முட்டை கூட நுழையாது. கணவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்.

நாஞ்சில்முனை · ஜூலை 23

அப்படியானால் மட்டிப்பழம், நேந்திரங்காய் வறுவல், ரசவடை என்று முடித்துக்கொள்கிறேன். அண்ணன் அடுத்த முறை தனியாக வரட்டும். அப்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடை. எங்கள் மாவட்டம் இரண்டு கடற்கரையிலும் கால் வைத்திருப்பதால் ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு தடையும் ஒன்றாக இருக்கும். மீன் தின்பதற்காகவே ஒருவர் அந்த இரண்டு வாரத்தில் வந்து இறங்கினால் நாங்கள் எதுவும் செய்ய முடியாது.

மயிலைத்தெப்பம் · ஆகஸ்ட் 6

பொதிகையில் ஐந்து இடங்கள் கிடைத்துவிட்டன. அவற்றில் மூன்று ஒரு பெட்டியிலும் இரண்டு வேறு பெட்டியிலும் இருக்கின்றன. வந்தே பாரத்திலும் கிடைத்துவிட்டது. எல்லோருடைய கருத்தையும் வைத்துத் திருத்திய திட்டம் இது.

27, 28, 29 மூன்று இரவுகளும் தென்காசி. ஒரு நாள் குற்றாலம், ஒரு நாள் பாபநாசம், ஒரு நாள் உபரி. 30ஆம் தேதி காலையில் புறப்பட்டுத் திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூர், அன்று இரவு அங்கே. வழியில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களை மட்டும் பார்க்கிறோம். அக்டோபர் 1 காலையில் மணப்பாடு, உவரி வழியாக நாகர்கோவில். 1, 2, 3 மூன்று இரவுகளும் நாகர்கோவில். 4ஆம் தேதி மதியம் ரயில்.

தேரிமணல் · ஆகஸ்ட் 6

எல்லாம் சரி அக்கா, 1ஆம் தேதி மணப்பாடு மட்டும் சரியில்லை. அன்று ஆயுத பூஜை, மறுநாள் சூரசம்காரம். 30ஆம் தேதி நீங்கள் மதியத்துக்குள் திருச்செந்தூர் வந்துவிட்டால் சாயங்காலமே மணப்பாட்டைப் பார்த்துத் திரும்பிவிடலாம், இருபது கிலோமீட்டர்தான். இல்லையென்றால் அதை விட்டுவிட்டு 1ஆம் தேதி சாத்தான்குளம் வழி பிடியுங்கள். வேண்டாமென்று சொன்ன வழியிலேயே போவது சென்னைக்காரர்களின் வழக்கம் என்பதால் இரண்டாம் முறையும் எழுதுகிறேன்.

பொருநைக்கரை · ஆகஸ்ட் 7

27ஆம் தேதி புரட்டாசிச் சனிக்கிழமை. 30ஆம் தேதி வரும்போது ஆழ்வார்திருநகரிக்கும் போகலாம் என்று உங்கள் மாமியார் கேட்பார். கிருஷ்ணாபுரம், ஆழ்வார்திருநகரி இரண்டும் அதே சாலையில்தான் இருக்கின்றன, ஆனால் நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகலுக்கு மேல் போனால் மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆதிச்சநல்லூரும் அந்த வழியில்தான். அகழாய்வுக் குழிகளை அப்படியே வைத்து, மேலே கண்ணாடி போட்டு, நாம் நடந்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். முதுமக்கள் தாழிகளை உங்கள் மகன் பார்க்க வேண்டும்.

மயிலைத்தெப்பம் · அக்டோபர் 8

திரும்பி வந்துவிட்டோம். ஆலோசனை கேட்டுவிட்டு அதன் பிறகு காணாமல் போகிறவர்களின் வரிசையில் சேர விருப்பமில்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

தென்காசியில் மூன்று இரவுகள் என்பது மிகச் சரியான ஆலோசனை. குற்றாலத்தில் ஒருமுறை குளித்துவிட்டு வந்த பிறகு மகன் மறுநாளும் போக வேண்டும் என்று அடம்பிடித்தான், உபரி நாளை அதற்கே கொடுத்துவிட்டோம். ரயில் பயணம் அதனால் நடக்கவில்லை. செங்கோட்டைரயிலடி அவர்கள் மன்னிக்க வேண்டும். மாமியார் பேரருவியில் தலையை நனைத்துவிட்டு, மூட்டுவலி போய்விட்டது என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

ஆதிச்சநல்லூரில் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன், இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடிக்குக் கீழே தாழிகளைப் பார்த்த மகன், அவற்றுக்குள் எப்படி ஆளை வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு குழியாக நகர்ந்தான். அதனால் திருச்செந்தூர் சேரும்போது மாலையாகிவிட்டது, மணப்பாட்டுக்கு நேரமில்லை.

மறுநாள் என்ன நடந்திருக்கும் என்பது தேரிமணல் அண்ணாச்சிக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டால் சாலை காலியாகத்தானே இருக்கும் என்று நான்தான் சொன்னேன். குலசைக்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. இரண்டே கால் மணி நேரம். கணவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஓட்டுநர் மட்டும் நான்கு முறை பெருமூச்சு விட்டார். ஆனால் ஒரு குழு எங்கள் வண்டி அருகிலேயே நின்று ஆடியது. நாக்கை நீட்டிக்கொண்டு வந்த காளி கண்ணாடியைத் தட்டி மகளிடம் பெயர் கேட்டார். அவள் பயந்து பாட்டியின் மடியில் ஒளிந்துகொண்டு, பிறகு உண்டியலில் போடுவதற்குப் பத்து ரூபாய் கேட்டு வாங்கினாள். எட்டு நாளில் எது பிடித்தது என்று பள்ளியில் கேட்டதற்குக் கடல் என்று அவள் சொல்லவில்லை, காளி மாமா என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

மணப்பாட்டில் எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்தான். மாமியார் கீழேயே இருந்துவிட்டார், நாங்கள் மட்டும் மேட்டில் ஏறினோம். கணவர் அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க ஓரிடம் வேண்டும் என்று அவர் முதலில் கேட்டது அதுதான் போலிருக்கிறது.

அரண்மனையில் மாமியார் முதல் வேலையாக, அம்மன் திருவனந்தபுரத்திலிருந்து வந்துவிட்டாளா என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டார். இன்னும் வரவில்லை என்றார் அவர். அப்படியானால் இன்னொரு முறை வர வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார், தை மாதத்தில் அம்மன் ஊரில் இருப்பாளா நாஞ்சில்முனை அவர்களே?

நாஞ்சில்முனை · அக்டோபர் 8

இருப்பாள் அம்மா. நவராத்திரி முடிந்து சில நாளில் திரும்பிவிடுவாள். தையில் வந்தால் புரட்டாசியும் இருக்காது, விசைப்படகுத் தடையும் இருக்காது. அண்ணனிடம் சொல்லுங்கள்.

தேரிமணல் · அக்டோபர் 9

இரண்டே கால் மணி நேரம்தானா? விஜயதசமி அன்று வந்து பாருங்கள்.